பத்தாயிரம் வளைவும் ஓர் அடியும்

"நான் அச்சடிச்ச ஆன்டெனா உடையாது. மனுஷன் உடைவான், கல்யாணம் உடையும், கூட்டணி அரசாங்கம் வருஷத்துக்கு ஒண்ணு உடையும். இது உடையாது" என்று யல்மரி அறிவித்தான்.

எழுந்து நின்று அறிவித்தான். வடதுருவப் பக்கமுள்ள ஓலு நகரத்தில் காபி அறையில் ஒருவர் எழுந்து நின்று பேசினால், ஒன்று அவர் ஓய்வு பெறுகிறார், இல்லையென்றால் கட்டிடம் தீப்பிடித்திருக்கிறது. ஆகவே ஆய்வகத்தில் இருந்த ஒன்பது பேரும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தார்கள். புகை எதுவும் வராததால் மறுபடி குடிக்கத் தொடங்கினார்கள்.

யல்மரி சொன்னதில் வேடிக்கை ஒன்றுமில்லை, அவனைப் பொறுத்தவரை. வெள்ளி கலந்த மையை, வீட்டில் கடுதாசி அச்சடிக்கிற பிரின்டருக்குச் சித்தப்பா முறை வரும் ஓர் இயந்திரத்தில் ஊற்றி, கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய படலத்தின்மேல் துளித்துளியாகத் தெளித்து, அடுப்பில் வாட்டி எடுத்தால் ஆன்டெனா. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. இருபத்தெட்டு கிகாஹெர்ட்ஸில் பேசும். துணியோடு துணியாக வளையும். வளைக்கும் இயந்திரத்தில் பத்தாயிரம் முறை வளைத்தும் அது ஒரு முனகல்கூட முனகவில்லை. இதை நோட்டுப்புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்றுதான் யல்மரிக்கு இருக்கையில் உட்கார முடியாமல் போயிற்று.

அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள் சைமி. பனிக்காலத்தில் அந்த ஊரின் அறைக் காற்று காய்ந்த ரொட்டிபோல் இருக்கும். மை துளை வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் அவள் இயந்திரத்தின் பக்கத்தில் எப்போதும் ஒரு சட்டி வெந்நீர் வைத்திருப்பாள். அது போகட்டும், அதற்கு அறிவியல் காரணம் உண்டு. அவளுடைய இன்னொரு வழக்கம்தான் யல்மரிக்குப் பொறுக்கவில்லை. எந்த ஆன்டெனா அச்சானாலும் அதில் ஒன்றைத் தன் கோட்டுக் கையில் தைத்துக்கொண்டு ஒரு வாரம் ஊர் சுற்றுவாள். பஸ் ஏறுவாள், வாசலில் பனி வாருவாள், நாயை இழுத்துக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்து அதை அளப்பாள்.

"என்ன சைமி, உன் ஆன்டெனா பால் வாங்கிட்டு வந்துச்சா? மீதிச் சில்லறை சரியா இருந்துச்சா?" என்பான் யல்மரி.

"நாய்க்கு அதைப் பிடிக்கல. கடிச்சிருச்சு. சிக்னல் பாதியாயிருச்சு. எழுதி வெச்சிருக்கேன்."

"நாய்க்கடித் தாங்குதிறன்னு எந்தத் தரநிலையில இருக்கு?"

"இல்ல. அதனாலதான் நான் எழுதறேன்."

அந்த ஆண்டு வேலை ஹைலுவோத்தோ தீவின் மீனவர்களுக்கான சட்டை. அவர்கள் பனிக்காலத்தில் உறைந்த கடலின்மேல் பனிவண்டியில் போய், பனிக்கட்டியை வெட்டித் துளையிட்டு, அடியில் வலை விரித்து வெள்ளைமீன் பிடிப்பவர்கள். சில வருஷம் ஒருவர், சில வருஷம் இருவர், உடைந்த கட்டிக்குள் போய்விடுவார்கள். சட்டையின் பையில் தீப்பெட்டி அளவு ரேடியோ, முன்கையின் வெளிப்பக்கம் ஆன்டெனா. ஆள் நீரில் விழுந்தால் சட்டை பனிவண்டியிலுள்ள பெட்டியிடம் சொல்லும். பெட்டி துறைமுகத்துக்குச் சொல்லும். துறைமுகக் காவலாளியின் கைபேசி அலறும்; சட்டையின் பேச்சு நின்றுபோனாலும் அலறும்.

'ஐயோ' என்று ஒரு வார்த்தை சொல்ல இருபத்தெட்டு கிகாஹெர்ட்ஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு நிதி அந்த அலைவரிசையில்தான் வந்தது.

இருபத்துநான்கு ஆன்டெனா அச்சடித்தார்கள். கண்ணுக்கு லட்சணமாக விழுந்த நான்கை யல்மரி எடுத்துக்கொண்டான். ஒன்று வளைக்கும் இயந்திரத்துக்குப் போனது. மூன்றை அளந்து அறிக்கையில் எழுதி, பிறகு கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். இது அந்தத் தொழிலில் பாவம் அல்ல, பழக்கம். நல்ல பிள்ளையைப் படம் எடுத்து மாட்டுவார்கள், மற்றவை வேலைக்குப் போகும். மீதி இருபதும் சட்டைகளுக்குள் போயின.

"இந்த இருபதையும் அளக்கணும். அதோட, ஒரு வாரம் ஒரு மீனவர் போட்டுப் பாக்கட்டும்" என்றாள் சைமி.

"ஒரே மை, ஒரே நாள், ஒரே அடுப்பு. மூணை அளந்தா இருபதையும் அளந்த மாதிரி. அப்புறம், யார் போட்டிருக்காங்கன்னு ஆன்டெனாவுக்குத் தெரியாது சைமி. அதுக்குக் கண்ணு கிடையாது."

"மீனவங்க கையை எப்படி வளைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? நான் அந்தத் தீவுல பொறந்தவன். அப்பா மீனவர், அண்ணன் மீனவன். முழங்கை உலகம் பூரா ஒரே பக்கம்தான் வளையும்."

அறை சிரித்தது. சைமியும் கொஞ்சம் சிரித்தாள். வேறென்ன செய்வாள்.

அண்ணன் பெயர் ரெய்யோ. யல்மரியைவிடப் பத்து வயது மூத்தவன். தம்பி முனைவர் பட்டம் வாங்கி உயரமான கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்ட நாளிலிருந்து அவனை ஒரே பெயரில்தான் கூப்பிடுவான்.

"ஏன்டா டாக்டரு, இதைப் போட்டுக்கிட்டா மீன் தானா ஏறி வருமா?" என்றான் சட்டையைப் பார்த்ததும்.

"நீ தண்ணிக்குள்ள போனா உன்னை ஏத்திவிட ஆள் வரும்."

"அப்போ ஹெல்வி இனிமே எனக்குக் காவல் வர வேணாம்ல?"

ஹெல்வி அவன் மனைவி. இருபது வருஷமாக இரண்டாவது பனிவண்டியில் பின்னாலேயே போய், அவன் வலை இழுக்கும்போது தூரத்தில் நின்று கட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச மாட்டார்கள், அதற்காகப் போவதில்லை. ஒருவர் விழுந்தால் இன்னொருவர் கயிறு வீசுவதற்காகப் போவது.

"வேணாம். அவளைக் கரையில இருந்து மீன் வெட்டச் சொல்லு" என்றான் யல்மரி.

ஹெல்வி அடுத்த நாளிலிருந்து கரையில் இருந்து மீன் வெட்டினாள்.

முதல் வாரத்தில் ஒரு தொல்லை வந்தது. வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டியதும் சட்டை பெட்டிக்கு எட்டாமல் மௌனமாகிவிடும். மௌனமானதும் துறைமுகத்துக்காரரின் கைபேசி அலறும். மூன்று முறை படகுவீட்டைத் திறந்து மிதவையை இழுத்துக்கொண்டு ஓடி, மூன்று முறையும் சட்டை ஆணியில் தொங்குவதைக் கண்ட பிறகு அவர் ஆய்வகத்துக்கு எழுதிய கடிதத்தை அச்சிட முடியாது. யல்மரி ஒரு யோசனை சொன்னான், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சட்டை பேசாமல் இருந்தால், அது கழற்றப்பட்டது என்று பொருள். அலற வேண்டாம்.

அதன்பின் ஊர் அமைதியாயிற்று.

யல்மரியின் மேசைத் திரையில் கடல் படம், அதில் இருபது பச்சைப் புள்ளிகள்; பேச்சு நின்ற சட்டையின் புள்ளி சாம்பலாகும். பிப்ரவரி மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலை ஒரு புள்ளி சாம்பல் நிறமாயிற்று. பதினேழாம் எண். ரெய்யோ.

"ஃபோன் பண்ணிக் கேளு" என்றாள் சைமி.

"சட்டையைக் கழட்டிட்டு நீராவிக் குளியல் கொட்டகையில உக்காந்திருப்பான்."

"திங்கக்கிழமை காலையிலயா?"

போன் போட்டான்.

"சட்டையா? மேலதான் இருக்கு. நான் கட்டி மேல நிக்கறேன், அம்மணமாவா நிப்பேன்?" என்றான் ரெய்யோ. காற்று போனுக்குள் ஊதியது. "ஏன், உன் வெளக்கு அணைஞ்சு போச்சா?"

"கொஞ்சம் விட்டு விட்டு வருது. வெள்ளிக்கிழமை வேற ஒண்ணு கொண்டு வரேன்."

"அப்போ வெள்ளி வரைக்கும் ஹெல்வியைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

யல்மரி திரையைப் பார்த்தான். வியாழக்கிழமை நிதி தருபவர்கள் வருகிறார்கள். இதே படம் சுவரளவு திரையில் ஓடப்போகிறது. 'பழுது' என்று பதிந்தால் புள்ளி சிவப்பாகும். சாம்பல் நிறம் யார் கண்ணையும் உறுத்தாது.

"அதெல்லாம் வேணாம். இணைப்பு வந்துதான் போகுது" என்றான்.

இணைப்பு வரவேயில்லை. பதிவேட்டில் மூன்று கட்டங்கள் இருந்தன: இயங்குகிறது, பழுது, அணியவில்லை. யல்மரி மூன்றாவதைத் தொட்டான்.

வியாழக்கிழமை விருந்தினர் வந்தார்கள். வரவேற்பறைக் கண்ணாடிச் சட்டத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஏலக்காய் ரொட்டி சாப்பிட்டார்கள். பெரிய திரையில் பத்தொன்பது பச்சை, ஒரு சாம்பல். ஓர் அம்மாள் சாம்பலைக் காட்டி, "இது?" என்றாள்.

"சட்டையைக் கழட்டி மாட்டியிருக்காங்க. பயனாளரோட சுதந்திரம்" என்றான் யல்மரி. அவள் தலையாட்டி அதைக் குறித்துக்கொண்டாள்.

அந்தப் புள்ளிக்குரியவன் அன்று காலை பதினொரு மணிவாக்கில் மேற்குப்புற விரிசலில் உள்ளே போனான். யாரும் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வராததால் ஹெல்வி இரண்டாவது வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பனிவண்டி நின்றிருந்தது. மீன் பெட்டி பாதி நிரம்பியிருந்தது. விரிசலின் விளிம்பில் இரண்டு கை பிடித்த இடம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. ரொம்ப நேரம் பிடித்திருக்கிறான். அந்தத் தண்ணீரில் ரொம்ப நேரம் என்றால் அரை மணி. துறைமுகத்திலிருந்து அங்கே பனிவண்டியில் பன்னிரண்டு நிமிஷம்.

ஹெல்வி கொக்கியும் கயிறும் போட்டு அவளே இழுத்தாள்.

அடக்கத்தில் யல்மரி நின்றான், தேவாலயத்தில் பாடினான், உப்புமீனும் கறுப்புரொட்டியும் சாப்பிட்டான். எல்லாரும் அவனுக்குக் கை கொடுத்தார்கள். "நீ அவ்வளவு பாடுபட்டு செஞ்ச சட்டை. போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றார் துறைமுகத்துக்காரர். யல்மரி வாயில் ரொட்டி இருந்தது. ரொட்டி இல்லாதிருந்தாலும் பேசியிருக்கமாட்டான் என்பது அவனுக்கே தெரியும்.

ஆறு வாரத்தில் விபத்து விசாரணைக் கடிதம் வந்தது. ஹெல்விக்கு ஒரு பிரதி, ஆய்வகத்துக்கு ஒரு பிரதி. நல்ல நடையில் எழுதியிருந்தார்கள். சாதனம் குறையின்றி இருந்தது; பதிவேட்டின்படி இறந்தவர் திங்கள் முதல் அதை அணியவில்லை; அணிந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கணிசமாக இருந்திருக்கும். தீவின் கடையில் அதற்குள் வழக்கு முடிந்திருந்தது. ரெய்யோ வீம்பு பிடித்தவன். தம்பி கொடுத்ததைப் போடமாட்டேன் என்று மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். பிடிவாதம் ஆளைத் தின்னும்.

ஆய்வகத்தின் தலைவரான பேராசிரியர் யல்மரியின் தோளைத் தட்டினார். "துயரம்தான். ஆனா நம்ம தொழில்நுட்பம் சுத்தம்."

மறுநாள் ஹெல்வி ஓலுவுக்கு வந்தாள். ஆய்வகத்துக்கு யாரும் அப்படி வந்ததில்லை. மீன் வெட்டும் ரப்பர் காலணியோடு, கையில் கடைப்பையோடு வந்தாள். பையைத் திறந்து சட்டையை எடுத்து, சைமியின் மேசைமேல், வெந்நீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். உப்புப் பூத்திருந்தது.

"இதை அவன் உடம்புல இருந்து நான் கழட்டினேன். கையை நிமித்த முடியல. கத்தரியால வெட்டித்தான் கழட்டினேன். இங்க பாருங்க, வெட்டின இடம். போடலன்னு ஒரு கடுதாசி வந்திருக்கு."

சைமி சட்டைக் கையின் தையலைப் பிரித்து, ஆன்டெனாவை உருவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது வளைஞ்சு போனதில்ல. நசுங்கியிருக்கு. குறுக்கால ஒரே கோடு. யாரோ எதாலயோ அடிச்ச மாதிரி இருக்கு."

"ஆமா, அடிப்பாங்க" என்றாள் ஹெல்வி.

"யாரு?"

"எல்லாரும். வலை இழுத்தா கை நனையும், நனைஞ்சா ரெண்டு நிமிஷத்துல சட்டைக் கை பலகையா ஒறைஞ்சிரும். அடிக்காம என்ன, கொஞ்சுவாங்களா? பனிவண்டிக்குப் பின்னால கட்டின சறுக்குவண்டி விளிம்புல ஓங்கி ரெண்டு போடு, பனி உதிரும், அடுத்த வலை. ஒரு நாளைக்கு நாப்பது தடவை." அவள் யல்மரியைப் பார்த்தாள். "இவன் உங்ககிட்ட சொல்லலயா? இவனுக்குத் தெரியுமே. சின்ன வயசுல சறுக்குவண்டியில உக்காந்து எண்ணிட்டே இருப்பான். அப்பா எத்தனை அடி அடிச்சாருன்னு."

சைமி நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள். யல்மரியைப் பார்க்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். டப், டப். கரையில் நின்றால் அரை மைல் தூரத்திலிருந்து வரும். அப்பா இன்னும் உயிரோடு வேலை செய்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். முப்பத்துமூன்று வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் முறை கேட்டிருக்கிறான். ஆய்வகத்துக்குள் நுழையும்போது அதை மட்டும் வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறான். தரநிலையில் அது இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் ஹெல்வி. "போடலன்னு எழுதினது யாரு? கம்ப்யூட்டரா, ஆளா?"

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "அது வந்து, அமைப்பு தானாவே..."

"நான்" என்றான் யல்மரி.

"தெரியாமயா?"

"தெரிஞ்சு. திங்கக்கிழமை ஃபோன்ல பேசினேன். மேலதான் இருக்குன்னு சொன்னான். உன்னைக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டான்." நிறுத்தினான். இங்கே நிறுத்திவிட்டால்கூடப் போதும் என்று ஒரு கணம் தோன்றியது. "வேணாம்னு சொன்னேன்."

ஹெல்வி நின்றபடியே இருந்தாள். அடிப்பாள் என்று யல்மரி நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெட்டிய பக்கம் உள்ளே போகும்படி மடித்தாள்.

"இதைக் கடுதாசியில எழுது. கடையில ஒட்டற மாதிரி பெரிய எழுத்துல எழுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதினான். விசாரணைக்காரர்களுக்கு ஒன்று, கடையில் ஒட்ட ஒன்று. விசாரணைக்காரர்கள் அவனுடைய வெளிப்படைத்தன்மையைப் பாராட்டி, அதைப் பின்னிணைப்பு நான்காகச் சேர்த்தார்கள். நிதி தருபவர்கள் 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் கேட்டார்கள். கடைக்காரர் ஒட்டினார். தீவில் எல்லாரும் படித்தார்கள். துறைமுகத்துக்காரர் யல்மரிக்குக் கை கொடுப்பதை நிறுத்தினார். ரெய்யோவைப் பற்றிக் கடையில் பேசியவர்கள், தாங்கள் எப்போதும் அப்படிப் பேசியதே இல்லை என்றார்கள்.

மற்ற பத்தொன்பது சட்டைகளையும் திருப்பி வாங்கி, சைமி ஒவ்வொன்றாக அளந்தாள். ஏழில் விரிசல் விழுந்திருந்தது. ஏழும் திரையில் பச்சையாகவே இருந்தவை. இன்னும் நான்கு அடி, ஐந்து அடியில் சாம்பலாகி, கழற்றி மாட்டியதாகக் கணக்காகியிருக்கும். பேராசிரியர் யல்மரியை வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்கினால் ஒரு காரணம் எழுதவேண்டும்.

ஏப்ரல் தொடக்கத்தில், கடல் இளக இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, யல்மரி தீவுக்கு வந்தான். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி, யாருடைய வலையும் இல்லாத இடத்தில், ஒரு துளை வெட்டினான். வெட்டத் தெரிந்திருந்தது, உள்ளங்கைதான் மறந்திருந்தது, இரண்டு இடத்தில் கொப்பளித்தது. வாடகைச் சறுக்குவண்டியைப் பக்கத்தில் போட்டான். சட்டைக் கையில் புது ஆன்டெனா இருந்தது. கோடுகள் தடிமன், மேலே ரப்பர் பூச்சு. முந்தின மாலை அவனே தைத்தது. தையல் கோணலாக இருந்தது. சைமி பார்த்தாள், சரிசெய்கிறேன் என்று சொல்லவில்லை.

கையைத் தண்ணீரில் விட்டான். எடுத்தான். காற்றில் நீட்டிக்கொண்டு நின்றான். உறைந்தது. சறுக்குவண்டி விளிம்பில் தட்டினான். பையிலிருந்து அளவுகருவியை எடுத்துப் பார்த்து நோட்டில் எழுதினான். ஒன்று.

பதினொன்றாவது அடியின்போது பனிவண்டிச் சத்தம் கேட்டது. ஹெல்வி. பின்னால் மீன் பெட்டி. கூட யாருமில்லை. எஞ்சினை அணைக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யல்மரி கையைத் தண்ணீரில் விட்டான், எடுத்தான், நீட்டினான், தட்டினான்.

"அவன் இப்படித் தட்டமாட்டான்" என்றாள்.

யல்மரி நிமிர்ந்தான்.

"இது ஆய்வகத்துல அடிக்கற அடி. அவனுக்கு அவசரம், குளிரு, கோபம். தோள்ல இருந்து அடிப்பான்."

வண்டியைத் திருப்பினாள். கொஞ்ச தூரம் போய் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டு, அவன் பக்கம் முதுகைக் காட்டி, கட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். கயிறு அவள் மடியில் இருந்தது.

யல்மரி கையை மறுபடி தண்ணீரில் விட்டான். முழங்கைவரை விட்டான். உறையும்வரை நின்றான். பிறகு தோளிலிருந்து ஓங்கினான்.